எடைக்கணக்கும் ஆசைக்கணக்கும்: ஒரு கெமிக்கல் இன்ஜினியரின் மூன்று கட்டுரைகள்

ராதாகிருஷ்ணன் மகாதேவன். 1997-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் கெமிக்கல் இன்ஜினியரிங் பி.டெக். 2002-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. அடுத்து சான் டியேகோவில் ஜெனோமேட்டிகா என்கிற கம்பெனியில் ஆராய்ச்சி வேலை. 2006-இலிருந்து கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் துறை ஆசிரியர். செய்கிற வேலை கணினி உயிரியல். பாக்டீரியா எதைத் தின்கிறது, எதை வெளியே விடுகிறது, எவ்வளவு வேகத்தில் பெருகுகிறது என்பதையெல்லாம் சமன்பாடாக எழுதி, கம்ப்யூட்டரில் தீர்வு தேடுகிற வேலை.

இதைப் படித்தால் கெமிக்கல் படித்த ஒருவர் பாதி வழியில் உயிரியலுக்குத் தாவிவிட்டார் என்று தோன்றும். எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பையன் ஒருவன் கவுன்சிலிங் சமயத்தில் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: "அண்ணா, கெமிக்கல் எடுத்தா அப்புறம் பயாலஜி பக்கம் போக முடியுமா?" போகலாம் என்று சொன்னேன். ஆனால் போகிறவர்கள் கையில் எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள், அது அங்கே எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதை வாசலில் நின்றபடி சொல்லிவிட முடியாது. அதனால் இந்தப் பதிவு.

இது வாழ்க்கை வரலாறு இல்லை. மகாதேவன் பெயர் முதலில் வருகிற மூன்று கட்டுரைகளை (2002, 2003, 2006) எடுத்துக்கொண்டு, எது நிற்கிறது, எது ஆடுகிறது என்று பார்க்கப் போகிறேன். நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்தக் கட்டுரைகள் பேசுகிற கணக்கை லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எடைக்கணக்கு

பிள்ளையார்பாளையத்தில் தறி இருக்கிற வீட்டுக்கு எடைக்கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாளியோ சங்கமோ, பட்டையும் சரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். சேலையை அறுத்து எடுத்துப்போகும்போது சேலையின் எடை, மிஞ்சின நூல், கழிவு எல்லாம் சேர்ந்து கொடுத்த எடைக்கு வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் பேச்சு வளரும். உள்ளே யார் எப்படி நாடா ஓட்டினார்கள், எத்தனை நாள் தறி நின்றது என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது. ஆனாலும் ஏதோ குறைகிறது என்பதைத் தராசு சொல்லிவிடும்.

இன்னொரு உதாரணமும் இங்கேயே இருக்கிறது. சாயம் போடுவதற்கு முன்னால் கச்சாப் பட்டைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுப்பார்கள். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். போன எடை எங்கே? வேகவைத்த தண்ணீரில். அந்தப் பசை செரிசின் என்கிற புரதம். வேதியியல் எதுவும் தெரியாத ஒருவர்கூட முன்னாலும் பின்னாலும் எடை போட்டுவிட்டு, தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியும்.

கெமிக்கல் இன்ஜினியரிங்கில் ஆரம்பத்திலேயே நடத்துகிற பாடம் இதுதான். உள்ளே வந்தது, வெளியே போனதும் உள்ளே தங்கினதும் சேர்ந்ததற்குச் சமம். கார்பனுக்குத் தனியாக, நைட்ரஜனுக்குத் தனியாக என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் இதை எழுதலாம். ரியாக்டருக்குள் என்ன நடக்கிறது என்று முழுசாகத் தெரியாவிட்டாலும், எது நடக்கவே முடியாது என்று சொல்லிவிடலாம். இந்தத் துறைக்காரர்கள் உயிரியலுக்குக் கொண்டுபோன சொத்தில் முதலிடம் இதற்குத்தான் என்பது என் கட்சி. அவர்கள் கூடவே இன்னொன்றையும் கொண்டுபோனார்கள். அதைப் பற்றித்தான் விமர்சனம்.

தாவல் என்று ஒன்று நடந்ததா?

நடக்கவில்லை. மகாதேவனுக்கு ஒரு தலைமுறைக்கும் முந்தைய துரைசாமி ராம்கிருஷ்ணாவைப் பாருங்கள். 1960-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் கெமிக்கல் டெக்னாலஜி துறையில் பட்டம், 1965-இல் மினசோட்டாவில் பி.எச்.டி., பிறகு சில வருஷம் ஐ.ஐ.டி. கான்பூர், அப்புறம் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம். மினசோட்டாவில் ஆர்னால்ட் ஃப்ரெட்ரிக்சன், ஹென்றி சுச்சியா ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1967-இல் வந்தது. பொருள், நுண்ணுயிர்கள் பெருகுவதன் கணிதம். எந்த உயிரியின் ஜீனோமும் படிக்கப்படாத காலம் அது. கெமிக்கல் துறைக்காரர்களுக்குச் செல் என்பது அப்போதே ரொம்பச் சின்னதொரு ரியாக்டர்தான். உயிரியலுக்குப் போனதாக அவர்கள் நினைத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. ரியாக்டரை மட்டும் மாற்றினார்கள்.

1990-களில் மாறியது, கையில் கிடைத்த பட்டியல். 1995-இல் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே, 1997-இல் ஈ.கோலி என்று முழு ஜீனோம்கள் வர ஆரம்பித்தன. எந்த ஜீன் எந்த நொதியைச் செய்கிறது, அந்த நொதி எந்த வினையை நடத்துகிறது என்று கோத்தால், ஒரு செல்லால் செய்ய முடிகிற வினைகளின் பட்டியல் கிடைக்கும். இதைப் பெரிய அளவில் செய்தது கலிஃபோர்னியாவின் பெர்ன்ஹார்ட் பால்சன் குழு. அவருடைய பி.எச்.டி.யும் கெமிக்கல் இன்ஜினியரிங்தான், 1984, விஸ்கான்சின். 1999-இல் ஹீமோஃபிலஸுக்கும் 2000-இல் ஈ.கோலிக்கும் மாடல் வந்தது. செய்தவர்கள் பால்சனும் அவருடைய மாணவர் ஜெரமி எட்வர்ட்ஸும். அந்த எட்வர்ட்ஸ் பிறகு டெலவேரில் ஆசிரியராகச் சேர்ந்தார். மகாதேவன் அங்கே பிராசஸ் கண்ட்ரோல் நிபுணர் பிரான்சிஸ் டாயிலிடம் பி.எச்.டி. செய்துகொண்டிருந்தார். 2002 கட்டுரையில் இந்த மூன்று பெயரும் இருக்கிறது.

ஆசைக்கணக்கு

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் அளவில்தான்.

ஈ.கோலிக்கு ஒரு பயிற்சி மாடல் இருக்கிறது. 95 வினைகள், 72 பொருட்கள். செல்லுக்குள் எந்தப் பொருளும் குவியவும் இல்லை, தீரவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், பொருளுக்கு ஒரு எடைக்கணக்குச் சமன்பாடு வீதம் 72 சமன்பாடு. கண்டுபிடிக்க வேண்டியது 95 வினைகளும் எவ்வளவு வேகத்தில் நடக்கின்றன என்பது. பள்ளிக்கூடக் கணக்கு ஞாபகம் இருந்தால் உடனே புரியும்: சமன்பாடுகளை விடத் தெரியாதவை அதிகம். ஒரே விடை கிடைக்காது, எண்ணற்ற விடைகள் கிடைக்கும். எடைக்கணக்கு தன் வேலையை முடித்துக்கொண்டு இங்கே நின்றுவிடுகிறது.

அந்த எண்ணற்ற விடைகளிலிருந்து ஒன்றை எடுக்க இன்னொரு அனுமானம் வேண்டும். செல் தன்னால் முடிந்த அளவு வேகமாக வளரத்தான் பார்க்கும் என்பது அந்த அனுமானம். பாடப்புத்தகத்தில் இதற்கு இலக்குச் சார்பு என்று பெயர். நான் ஆசைக்கணக்கு என்று வைத்துக்கொள்கிறேன். இதைச் சேர்த்ததும் பிரச்சினை லீனியர் புரோகிராமிங் ஆகிவிடும். ரிஃபைனரியில் எந்தக் கச்சா எண்ணெயை எவ்வளவு கலந்தால் லாபம் அதிகம் என்று பார்க்கிற அதே கணக்கு. மொத்த முறைக்கும் பெயர் ஃப்ளக்ஸ் பேலன்ஸ் அனாலிசிஸ். சுருக்கமாக எஃப்.பி.ஏ.

பைதானில் கோப்ராபை என்கிற இலவச லைப்ரரியை ஏற்றி, இந்த மாடலை ஓட்டினேன். ஒரு கிராம் உலர்ந்த செல், மணிக்கு 10 மில்லிமோல் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், வளர்ச்சி வேகம் மணிக்கு 0.874. அதாவது சுமார் 48 நிமிடத்தில் செல் கூட்டம் இரட்டிப்பாகும். ஆக்ஸிஜனை அடைத்துவிட்டால் 0.212-க்கு இறங்கும். இரட்டிப்பாக மூன்றே கால் மணி நேரம். லேப்டாப்பில் ஒரு நொடிகூட ஆகவில்லை. முதல் தடவை பார்க்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்த 0.874-இல் எவ்வளவு எடைக்கணக்கு, எவ்வளவு ஆசைக்கணக்கு? செல் வளரத்தான் ஆசைப்படுகிறது என்று யார் சொன்னது? ரிஃபைனரிக்கு லாபம் வேண்டும் என்று சொல்ல ஒரு முதலாளி இருக்கிறார். செல்லுக்கு முதலாளி யார்?

இயற்கைத் தேர்வுதான் முதலாளி என்பார்கள். ஆதாரமும் உண்டு. 2002-இல் பால்சன் குழு ஈ.கோலியைக் கிளிசரால் உணவில் வளர்த்துப் பார்த்தது. முதலில் மாடல் சொன்ன உச்சத்துக்குக் கீழேதான் வளர்ந்தது. 40 நாள், சுமார் 700 தலைமுறை விடாமல் வளர்த்ததும் மாடல் சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்தது. நல்ல சோதனை. எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. 2007-இல் சூரிச்சில் உவே சவர் குழு 11 விதமான ஆசைகளைப் போட்டு, அளந்த வேகங்களோடு ஒப்பிட்டது. எல்லாச் சூழ்நிலைக்கும் பொருந்துகிற ஒரே ஆசை கிடைக்கவில்லை. உணவு நிறைய இருக்கும்போது ஒன்று பொருந்துகிறது, பற்றாக்குறையில் வேறொன்று பொருந்துகிறது. ஆக ஆசைக்கணக்கு சில இடங்களில் வேலை செய்கிற அனுமானம். எடைக்கணக்கு மாதிரி எங்கேயும் மீற முடியாத விதி கிடையாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மூன்று கட்டுரைகளுக்கும் போவோம்.

2002: செல்லுக்குத் திட்டம் இருக்கிறதா?

குளுக்கோஸில் விட்ட ஈ.கோலி முதலில் குளுக்கோஸைத் தின்று, அசிடேட்டை வெளியே விடும். குளுக்கோஸ் தீர்ந்ததும், தான் விட்ட அசிடேட்டையே தின்ன ஆரம்பிக்கும். ஒரு உணவு முடிந்து அடுத்ததற்கு மாறுகிற இந்தப் பழக்கத்தை 1940-களிலேயே ழாக் மோனோ ஆராய்ந்தார். சாதாரண எஃப்.பி.ஏ.வில் நேரமே கிடையாது, ஒரு நிலையின் போட்டோ மட்டும்தான். மகாதேவன், எட்வர்ட்ஸ், டாயில் மூவரும் அதில் நேரத்தைச் சேர்த்தார்கள்.

கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு ஒப்பீடு. ஆசையை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தார்கள். ஒன்று, ஒவ்வொரு நொடியும் அப்போதைக்கு எது நல்லதோ அதைச் செய்வது. இன்னொன்று, கடைசியில் மொத்த விளைச்சல் அதிகமாக இருக்கும்படி ஆரம்பத்திலிருந்தே திட்டமிடுவது. முதல் வகைதான் சோதனைக்கு நன்றாக ஒத்துப்போனது. பிராசஸ் கண்ட்ரோல் படித்தவருக்கு இரண்டாவது வகைதான் பிடித்தமானது. ஒரு பேட்ச் முடியும்போது எவ்வளவு சரக்கு கிடைக்கும் என்பதுதானே தொழிற்சாலையின் கேள்வி. பாக்டீரியா தொழிற்சாலை மேனேஜர் மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பதை அவர்கள் மாடலே காட்டிவிட்டது, அவர்களும் அதை வெளியிட்டார்கள். இது பாராட்ட வேண்டியது.

குறை என்ன? இந்த ஒத்துப்போதல் தன்மையளவில்தான். கட்டுரையின் சுருக்கமும் அதற்குமேல் உரிமை கொண்டாடவில்லை. ஒரு உணவிலிருந்து அடுத்ததற்கு மாற செல் புது நொதிகளைச் செய்ய வேண்டும். அதற்கு நேரமும் பிடிக்கும், புரதமும் செலவாகும். எஃப்.பி.ஏ.வின் கணக்கில் நொதிக்கு விலையே இல்லை. அதனால் மாறுகிற வேகத்துக்கு ஒரு வரம்பை வெளியிலிருந்து வைக்க வேண்டியிருக்கிறது. அசிடேட் கதையும் இப்படித்தான். பயிற்சி மாடலில் ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தால் அசிடேட் வெளியே வருவதே இல்லை. ஆக்ஸிஜன் எடுக்கும் அளவுக்கு நாம் ஒரு வரம்பு போட்டால்தான் வருகிறது. உண்மையான ஈ.கோலி வேகமாக வளரும்போது, ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தாலும் அசிடேட்டை விடும்.

இந்த இடத்தில் ராம்கிருஷ்ணாவின் பழைய வழி எனக்கு மறுபடி முக்கியமாகப் படுகிறது. 1980-களில் அவர் குழு சைபர்னெட்டிக் மாடல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. செல்லிடம் இருக்கிற வளம் கொஞ்சம்தான், அதை எந்த நொதியைச் செய்வதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதுதான் செல்லின் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டார்கள். 1986 கட்டுரையில் க்ளெப்சியெல்லா ஆக்சிடோகா என்கிற பாக்டீரியாவை ஒவ்வொரு சர்க்கரையிலும் தனித்தனியாக வளர்த்து எண்களை எடுத்தார்கள். அந்த எண்களை மாற்றாமல், சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்று கணித்தார்கள். கணிப்பு ஒத்துப்போனது. அதிலும் ஆசைக்கணக்கு இருக்கிறதுதான், ஆனால் நொதிக்கு விலை உண்டு. அசிடேட் ஏன் வருகிறது என்பதற்கு 2015-இல் டெரன்ஸ் ஹ்வா குழு சொன்ன விளக்கமும் புரத ஒதுக்கீடுதான். சுவாசப் பாதையின் நொதிகளுக்குப் புரதச் செலவு அதிகம். முப்பது வருஷத்துக்கு முன்னால் கெமிக்கல் துறைக்காரர் ஒருவர் பிடித்த நூலின் மறுமுனை என்றே அதை நான் படிக்கிறேன். அப்படியிருந்தும் ஜீனோம் காலத்தில் எஃப்.பி.ஏ. ஏன் ஜெயித்தது? சைபர்னெட்டிக் மாடலுக்கு நிறைய எண்களை அளந்து கொடுக்க வேண்டும். எஃப்.பி.ஏ.வுக்குப் பட்டியலும், உள்ளே எடுக்கும் அளவும் கொடுத்தால் போதும்.

2003: ஒரு விடைக்குப் பின்னால் எத்தனை விடை

மூன்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். மகாதேவனும் ஜெனோமேட்டிகாவின் கிறிஸ்டோஃப் ஷில்லிங்கும் எழுதியது. கேள்வி சின்னது. உச்ச வளர்ச்சி 0.874 என்று விடை வந்துவிட்டது. ஆனால் அதே 0.874-ஐ எத்தனை வழியில் எட்டலாம்? உச்சம் ஒன்றுதான் என்றாலும் அங்கே போகிற பாதைகள் பல. கம்ப்யூட்டர் அதில் ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டு நிற்கும். நாம் அதைப் பார்த்து, செல் இப்படித்தான் செய்கிறது என்று எழுதிவிடுவோம். அதற்கு மாற்றாக, உச்சம் குறையாமல் ஒவ்வொரு வினையும் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் நடக்கலாம் என்று தனித்தனியாகக் கேளுங்கள் என்கிறது இந்தக் கட்டுரை. ஃப்ளக்ஸ் வேரியபிலிட்டி அனாலிசிஸ் என்று பெயர். இன்றைக்குக் கோப்ராபையில் ஒரே வரிதான்.

பயிற்சி மாடலில் அந்த ஒரு வரியை ஓட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். சக்சினேட்டை ஃபியூமரேட்டாக மாற்ற ஒரு வினை, ஃபியூமரேட்டைத் திரும்பச் சக்சினேட்டாக்க இன்னொரு வினை. இரண்டாவது வினையின் வேகம் சுழியமாகவும் இருக்கலாம், நாம் வைத்த மேல் வரம்பான 1000-ஐ ஒட்டியும் இருக்கலாம் என்று விடை வருகிறது. முதல் வினையும் கூடவே ஏறிக்கொள்ளும். வளர்ச்சி இம்மிகூட மாறாது. வலது கையிலிருந்து இடது கைக்கும், இடது கையிலிருந்து வலது கைக்கும் பணத்தை மாற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி. பேரேடு இடிக்காது, வியாபாரமும் நடக்காது. எடைக்கணக்கால் இதைத் தடுக்க முடியாது, அதற்கு வெப்ப இயக்கவியல் வேண்டும். முதல் விடையோடு நிறுத்தியிருந்தால் இப்படியொரு ஓட்டை இருப்பதே தெரிந்திருக்காது.

கம்பெனிக்காரர் இந்தக் கேள்வியில் கூட்டுச் சேர்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பாக்டீரியாவை மாற்றி ஒரு ரசாயனத்தைச் செய்ய வைக்கிறீர்கள் என்று வையுங்கள். மாடல் காட்டின ஒரு விடையில் சரக்கு நிறைய வருகிறது. அதே வளர்ச்சியுள்ள இன்னொரு விடையில் சரக்கு சுழியம். செல் எதைத் தேர்ந்தெடுக்கும்? கம்பெனிக்கு அது பணப் பிரச்சினை. அதே ஜெனோமேட்டிகா 2011-இல், இயற்கையில் எந்த உயிரியும் செய்வதாகத் தெரியாத 1,4-பியூட்டேன்டையால் என்கிற பிளாஸ்டிக் மூலப்பொருளை ஈ.கோலியைக் கொண்டு லிட்டருக்கு 18 கிராம் வரை செய்து காட்டியது. ஆய்வகமும் மாடலும் கை கோத்த வேலை அது.

2006: தராசு கண்டுபிடித்த ஒன்று

ஜியோபாக்டர் சல்ஃபர்ரெட்யூசென்ஸ் ஒரு விசித்திரப் பிராணி. அசிடேட்டைத் தின்று, கிடைக்கிற எலக்ட்ரான்களைச் செல்லுக்கு வெளியே இருக்கிற இரும்பின் மேல் கொட்டும். டெரெக் லவ்லி குழுவோடு சேர்ந்து மகாதேவன் இதற்கு மாடல் கட்டினார். தெரிந்த ஒரு புதிர் இருந்தது. எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஃபியூமரேட் கொடுத்தால் நன்றாக வளர்கிறது. கரைந்த இரும்பு கொடுத்தால் விளைச்சல் குறைகிறது. ஏன்?

மாடல் புரோட்டான் கணக்கைப் பார்த்தது. அசிடேட் செல்லுக்குள் உடையும்போது எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்தே வெளிப்படும. ஃபியூமரேட் செல்லுக்குள்ளேயே இரண்டையும் வாங்கிக்கொள்ளும். இரும்போ வெளியே இருக்கிறது. எலக்ட்ரான் வெளியே போய்விடும், புரோட்டான் உள்ளேயே தங்கிவிடும். உள்ளே புளிப்பு ஏறாமல் இருக்க, செல் சக்தியைச் செலவழித்து அவற்றை வெளியே தள்ள வேண்டும். வளர்ச்சிக்குப் போயிருக்க வேண்டிய சக்தி இப்படிப் போகிறது.

இந்த விளக்கத்தில் செல்லுக்கு என்ன ஆசை என்கிற கேள்விக்கு வேலை குறைவு. பெரும்பகுதி வரவும் செலவும்தான். பட்டு வேகவைத்த தண்ணீரில் காணாமல் போன எடையைத் தேடுகிற அதே புத்தி, ஒரு பாக்டீரியாவின் சவ்வுக்கு இந்தப்பக்கம் மாட்டிக்கொண்ட புரோட்டானைத் தேடியிருக்கிறது. துறையின் பெருமை என்று என்னைக் கேட்டால், இந்த மாதிரி விளக்கங்களைத்தான் காட்டுவேன்.

துறை மேல் என் குறை

மகாதேவன் என்கிற தனிமனிதரை விட்டு, அவர் வேலை செய்கிற துறையைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் உறுத்துகிறது.

முதலாவது, பெருக்கம். ஈ.கோலி மாடல்களின் பெயரிலேயே ஜீன் எண்ணிக்கை இருக்கும். 2003-இல் 904, 2007-இல் 1260, 2011-இல் 1366, 2017-இல் 1515. பட்டியல் நீள்வது பயனுள்ளதுதான். ஆனால் உச்ச வளர்ச்சி என்கிற அதே ஆசைதான் இன்றைக்கும் முதல் தேர்வாக வந்து உட்காருகிறது. பட்டியல் வளர்ந்த அளவுக்கு அனுமானம் வளரவில்லை.

இரண்டாவது, உள்ளே வைத்து ஒட்டின எண்கள். பயிற்சி மாடலில் ஒரு கிராம் செல் வளர 59.81 மில்லிமோல் ஏ.டி.பி. செலவு என்று ஒரு எண் இருக்கிறது. வளராமல் சும்மா இருக்கவே மணிக்கு 8.39 என்று இன்னொன்று. இவை ஜீனோமிலிருந்து வந்தவை இல்லை. ஈ.கோலியை வளர்த்து அளந்து, கோடு பொருத்தி எடுத்தவை. எங்கள் தொழிலில் கான்ஃபிக் ஃபைலில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால், யார் வைத்தது, எந்தச் சூழ்நிலைக்கு வைத்தது என்று ரிவியூவில் கேட்போம். இதை யாரும் மறைக்கவில்லை, கட்டுரைகளிலேயே இருக்கிறது. ஆனால் ஜீனோமைப் படித்து வளர்ச்சி வேகத்தைச் சொல்லிவிடுகிறார்கள் என்று செய்தியில் வரும்போது இந்த எண்கள் காணாமல் போய்விடுகின்றன. வேறொரு பாக்டீரியாவுக்கு மாடல் கட்டும்போது ஈ.கோலியின் எண்களையே கடன் வாங்குகிற பழக்கமும் உண்டு. அங்கே 0.874 மாதிரி ஒரு எண் வந்தால் அது எந்த உயிரியைப் பற்றிச் சொல்கிறது?

இதெல்லாம் வெறும் தத்துவச் சண்டை இல்லை. இந்த வகை மாடல்களை வைத்துத்தான் காசநோய்க் கிருமியில் எந்த நொதியை மருந்தால் அடிக்கலாம் என்று தேடுகிறார்கள். மனுஷ செல்லுக்கும் இதே மாதிரி மாடல் கட்டுகிறார்கள். வளர்வதுதான் ஆசை என்பது ஈ.கோலிக்கே பாதி நேரம்தான் பொருந்துகிறது. நம் உடம்பின் நரம்புச் செல்லுக்கு அதை எப்படி எழுதுவது? நுரையீரலில் வருஷக்கணக்கில் வளராமல் படுத்திருக்கிற காசநோய்க் கிருமிக்கு எப்படி எழுதுவது?

அந்தப் பையனுக்கு

கெமிக்கல் எடுத்தால் உயிரியலுக்குப் போகலாமா என்று கேட்டாய் தம்பி. போகலாம், அறுபது வருஷமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். எடைக்கணக்கை எடுத்துக்கொண்டு போ, அது எங்கேயும் செல்லும். தொழிற்சாலையின் ஆசையையும் சேர்த்து எடுத்துப்போனால், போன இடத்தில் அதைச் சோதித்துப் பார். மகாதேவனின் மூன்று கட்டுரைகளில் முதலாவது எந்த ஆசை பொருந்துகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டாவது தன் முறையின் விடையையே சந்தேகப்படுகிறது. மூன்றாவது வரவு செலவைக் கவனமாக எழுதி ஒரு புதிரை அவிழ்க்கிறது. பட்டம், கம்பெனி, பேராசிரியர் பதவி என்று போகிற வரிசையை விட இந்த வரிசைதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

தொடங்க வெளிநாடு போக வேண்டியதில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் கார்த்திக் ராமன் கணினி சார்ந்த ஒருங்கிய உயிரியலுக்கு 2021-இல் ஒரு பாடநூல் எழுதியிருக்கிறார். என்.பி.டி.இ.எல்.லில் அவர் பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கும் முன்னால் பயிற்சி மாடலை இறக்கி, ஆக்ஸிஜனை அடைத்து, 0.874 எப்படி 0.212 ஆகிறது என்று பார். பார்த்துவிட்டு அந்த 59.81-ஐக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து மறுபடி ஓட்டு. விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துவிட்டு வா, உட்கார்ந்து பேசலாம்.